பழைய காலப் பின்னணியில் பெண் துப்பறிவாளர் வரும் தொலைக்காட்சித் தொடர்களில் உங்களுக்குப் பிடித்தது எது, ஏன்?

ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சி 2012 முதல் 2015 வரை மூன்று பருவங்களில் 34 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘மிஸ் ஃபிஷர்ஸ் மர்டர் மிஸ்டரீஸ்’ தொடரைத்தான் நான் சொல்வேன். கெர்ரி கிரீன்வுட் எழுதிய நாவல்களை ஒட்டி எடுக்கப்பட்ட இத்தொடரின் கதை, 1920களின் இறுதியில் மெல்போர்ன் நகரில் நடக்கிறது. எஸ்ஸி டேவிஸ் நடித்த ஃபிரைனி ஃபிஷர் சொந்தமாகக் கார் ஓட்டுவாள். முத்துப் பிடி போட்ட கைத்துப்பாக்கி வைத்திருப்பாள். திருமணத்தை நினைத்தும் பார்க்க மாட்டாள். காலிங்வுட் என்னும் ஏழைப் பகுதியில் வளர்ந்தவள் அவள். வாரிசுகள் உலகப் போரில் மாண்டதால் தந்தைக்குப் பிரபுப் பட்டம் வந்து சேர, ஒரே பிறவியில் இரண்டு வாழ்க்கையைப் பார்த்துவிட்டவள் என்பதால்தான் பெரிய மனிதர்களின் மிடுக்கு அவளிடம் செல்லுபடியாவதில்லை.

ஆனால், எனக்கு இத்தொடரை நெருக்கமாக்கியவள் அவளுடைய பணிப்பெண் டாட். முதல் பகுதியில், வேலை பார்த்த வீட்டு எசமானர் இறந்துபோக, போலீசாரின் சந்தேகப் பார்வையில் சிக்கி நிற்கும் அந்தப் பெண்ணை ஃபிரைனி தன்னோடு சேர்த்துக்கொள்கிறாள். மணி அடித்தால் தொலைபேசியை எடுக்கவே நடுங்குகிற டாட், போகப் போகத் துப்பறிவதில் பாதி வேலையைச் செய்கிறாள்.

விக்கிரமசிங்கபுரத்தில் ஆச்சி வீட்டில், வசனங்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லியபடி இதை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். இன்றைக்கும் கைபேசி ஒலித்தால் எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிய பிறகே பேசத் தொடங்குகிற ஆச்சிக்கு டாட்டின் பயத்தை விளக்கத் தேவையிருக்கவில்லை. திருமணத்துக்கு முன் ஒரு பண்ணையார் வீட்டில் வேலைக்கு இருந்தவள் அவள். “எந்த மருமவ சாப்பிடாமப் படுத்தான்னு கூட்டிப் பெருக்குதவளுக்குத்தாம்ட்டீ தெரியும், போலீசுக்கா தெரியும்?” என்று கேட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு தொடரை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். இன்ஸ்பெக்டர் ஜாக் ராபின்சன் தலைவாசலில் நின்று விசாரிக்கையில், புறவாசல் வழியாகச் செய்தி வந்து சேர்ந்துவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. புதிர் முடிச்சுக்காகவே பார்ப்பவர்களுக்குச் சில பகுதிகள் சப்பென்று முடியும். ஃபிரைனிக்கும் ஜாக்குக்கும் இடையிலான ஈர்ப்பை மூன்று பருவங்களுக்கு இழுத்திருப்பது எனக்கே சலிப்பூட்டியது. ஆடை அலங்காரத்தில் காட்டிய அக்கறையில் கொஞ்சத்தைக் கொலையாளிகளிடமும் காட்டியிருக்கலாம்.

கடைசிப் பகுதியில் டாட்டுக்கும் கான்ஸ்டபிள் ஹியூவுக்கும் திருமணம் நடக்கிறது. “இனிமே அவள வேலைக்கு விடுவானாட்டீ?” என்று ஆச்சி கேட்டாள். அதற்குள் திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கிவிட்டன. இத்தொடரின் தொடர்ச்சியாக 2020இல் வந்த திரைப்படத்தை அவளுக்கு இன்னும் போட்டுக் காட்டவில்லை.