சரித்திர ஃபேண்டஸி நாவல்ல காதல், பாட்டு, அரசியல் சூழ்ச்சி மூணையும் எப்படி ஒண்ணா கோர்க்கிறது?

ஹீரோ பாடகன், பக்கத்துல ஒரு காதல், பின்னாடி ராஜ்ஜிய சண்டை, ஆனா மூணும் தனித்தனி ட்ராக்கா ஓடுதுன்னு சொல்றீங்க. பாட்டை நீங்க அலங்காரமா வெச்சிருக்கீங்க, அதான் சிக்கல். இந்த மாதிரி கதை முக்காவாசில சபையில ஒருத்தன் பாடுவான், எல்லாருக்கும் கண்ணு கலங்கும், அடுத்த அத்தியாயத்துல அது யாருக்கும் ஞாபகமே இருக்காது. அந்த சீனை அப்படியே தூக்கிட்டாலும் கதைக்கு ஒண்ணும் ஆகாது.

12ஆம் நூற்றாண்டு தெற்கு பிரான்ஸைக் கொஞ்சம் படிங்க. அங்க பாட்டு கட்டுன கவிஞர்-பாடகர்களுக்கு ட்ரூபடூர்னு பேரு. அவங்கள்ல, பாட்டு நம்ம கைக்கு கெடச்ச முதல் ஆளே ஒரு ஆட்சியாளர்தான், அக்விடேன் டியூக் 9ஆம் வில்லியம். அவரோட பேத்தி எலினோருக்கு 1152ல பிரான்ஸ் ராஜா கூட இருந்த கல்யாணம் ரத்தாச்சு, அதே வருஷம் ஹென்றியைக் கட்டிக்கிட்டாங்க, 1154ல அவர் இங்கிலாந்து ராஜா ஆனதும் அக்விடேன் முழுக்க அந்தப் பக்கம் சாஞ்சிடுச்சு. கல்யாணம்னாலே அங்க அரசியல்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் மெட்டு. அரசியல் பாட்டு, வசைப்பாட்டுக்கெல்லாம் புதுசா மெட்டு போடணும்னு இல்ல, ஏற்கெனவே ஊருக்கே தெரிஞ்ச காதல் பாட்டு மெட்டுல வரியை மட்டும் மாத்திப் பாடுவாங்க. யோசிச்சுப் பாருங்க, உங்க ஹீரோ காதலிக்காகப் போட்ட மெட்டுலயே (அவ இன்னொருத்தர் மனைவின்னு வெச்சுக்குங்க) எதிரி ஆளுங்க அவ புருஷனைக் கிண்டல் பண்ணிப் பாடி, சந்தையெல்லாம் பரப்பி விட்டா என்ன ஆகும்? மெட்டு யாருதுன்னு ராஜாவுக்குத் தெரியும், இவன் இல்லன்னு எப்படி நிரூபிப்பான், காதலும் அங்கயே மாட்டிக்கும், இதுக்கு மேல தனியா ஒரு வில்லனே வேணாம். பெர்ட்ரான் டி போர்ன்னு ஒருத்தர் நெஜமாவே பாட்டாலயே சண்டையைத் தூண்டி விட்ட ஆளு, எலினோரோட மகன் ரிச்சர்டுக்கு எதிரான கலகத்துல சேர்ந்து 1183ல கோட்டையையே பறிகொடுத்தார் (அப்புறம் திரும்பக் கெடச்சுது, அது வேற கதை).

காதலுக்கும் அங்கயே வழி இருக்கு. பாட்டுல வர்ற பொண்ணு பெரும்பாலும் இன்னொருத்தர் மனைவி, அதனால பேரைச் சொல்லாம ஒரு மறைபேர் வெச்சுப் பாடுவாங்க. சபை மொத்தமும் அது யாருன்னு மண்டையை உடைச்சுக்கும். ஒருத்தன் தப்பா யூகிக்கட்டும், அதுவும் படை வெச்சிருக்கிறவனா பாத்து யூகிக்க விடுங்க. அவளையும் சும்மா கேட்டுக்கிட்டு உக்கார வைக்காதீங்க ப்ளீஸ், டியா சீமாட்டி மாதிரி பொண்ணுங்களும் பாட்டு கட்டியிருக்காங்க, அவளும் பதில் பாட்டு போடட்டும்.

1209ல அந்தத் தெற்கு பிரான்ஸுல இருந்த மாற்று கிறிஸ்தவப் பிரிவை ஒடுக்க சிலுவைப்போர் படை வந்து பெசியே நகரத்தையே அழிச்சுது, 20 வருஷ சண்டைல பாட்டை ஆதரிச்ச பிரபுக்கள் நொடிஞ்சு போக, பாடகர்கள் பலர் ஸ்பெயின் பக்கம் இருக்கிற அரகான், இத்தாலின்னு கெளம்பிட்டாங்க. உங்க உலகத்துலயும் சபை விழுந்தா பாடகனுக்கு சோறு கெடையாதுன்னு ஆரம்பத்துலயே காட்டிடுங்க.

ஆங், பாட்டு வரிகளை பக்கம் பக்கமா எழுதாதீங்க, எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க. ரெண்டு வரி போதும், மிச்சத்தைக் கேக்குறவங்க மூஞ்சில காட்டுங்க.