பின்சக்கர அலைன்மென்ட்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: தாழ்வான ஸ்பிரிங் போட்டதிலிருந்து பின் டயர்களின் உள்விளிம்பு வேகமாகத் தேய்கிறது. அட்ஜஸ்ட் செய்யும் கேம்பர் ஆர்ம் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணமான கேம்பரை மாற்றும் கம்பி) போட்டால் சரியாகுமா?

பதில்: வாங்கும் முன் டயரைத் தடவிப் பாருங்கள் (கம்பி தெரிந்தால் கை வைக்காதீர்கள்). உள்ளங்கையைக் குறுக்கே ஒரு திசையில் தள்ளினால் வழவழவென்று இருந்து, திருப்பி இழுத்தால் ரம்பப் பல் மாதிரி உறுத்துகிறதா? அப்படியென்றால் டயரைத் தின்பது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். மல்டிலிங்க் வண்டி (ஒவ்வொரு பின்சக்கரத்தையும் பல ஆர்ம்கள் தாங்கும் வகை) தாழும்போது கேம்பரோடு டோவும் மாறிவிடும். 600 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 3 மி.மீ. கோணலாக நின்றால், கிலோமீட்டருக்கு 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். மைனஸ் 1, 1.5 டிகிரி கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) இவ்வளவு சேதம் செய்யாது.

கேம்பர் ஆர்ம் போட்டாலும் டோ மறுபடி மாறும். அதனால் முதலில் பின் கேம்பர், அடுத்து பின் டோ, முன்சக்கரம் கடைசியில். ஒன்றை மறக்காதீர்கள்: ரப்பர் புஷ் (ஆர்மின் முனையில் உள்ள ரப்பர் உருளை) உள்ள போல்ட்டை, சக்கரம் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கியபின்தான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் புஷ் முறுக்கிய நிலையிலேயே ஓடிக் கிழியும்.

கேள்வி: என் வண்டியில் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம்). எந்த ஆர்ம் வாங்குவது?

பதில்: மாற்ற ஆர்ம் கிடையாது. ஹப்புக்கும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பீமுக்கும் நடுவே ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துத்தான் திருத்த முடியும். அதற்கு முன் பீம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: முன் டோ சரி செய்தும் ஸ்டியரிங் கோணலாகவே நிற்கிறது.

பதில்: பின்சக்கரங்கள் ஒரு பக்கம் பார்த்து நிற்கலாம். வண்டி போகும் திசையை முடிவு செய்வது அவைதான். நான்கு சக்கரமும் பார்த்து த்ரஸ்ட் ஆங்கிளை (பின்சக்கரங்கள் பார்க்கும் திசைக்கும் வண்டியின் நடுக்கோட்டுக்கும் உள்ள கோணம்) கேளுங்கள்.

கேள்வி: டோ என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. எனக்கு மைனஸ் 2.5 கேம்பர், டோ சரியாக இருந்தது. உள்விளிம்பு போய்விட்டது.

பதில்: அளவு எப்போது எடுத்தார்கள்?

கேள்வி: ஆர்ம் மாட்டி ஜாக்கிலிருந்து இறக்கியதும்.

பதில்: தப்பு அங்கேதான். ஜாக்கிலிருந்து இறங்கிய டயர் தரையைப் பிடித்துக்கொண்டு முழுதாக விரியாமல் நிற்கும். சஸ்பென்ஷனும் உட்கார்ந்திருக்காது. வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை நாலு தடவை அமுக்கிவிட்டு எடுத்தால்தான் அந்த அளவை நம்பலாம். கேம்பர் தேய்க்கவே தேய்க்காது என்று நான் சொல்லவில்லை. அது தேய்த்தால் சாய்வாக, வழவழப்பாகத் தேயும். உங்கள் டயரில் பல் இருந்ததா?

கேள்வி: இருந்தது. ஆனாலும் கேம்பரும் காரணம்.

பதில்: துணைக்காரணம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். டோவைத் திருத்தி, புது டயரோடு கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி தடவிப் பாருங்கள்.

கேள்வி: கேம்பர் ஆர்ம் மட்டும் போட்டால் போதுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பின் டிரெய்லிங் ஆர்முக்கு (சக்கரத்தை முன்பக்கமிருந்து பிடித்திருக்கும் ஆர்ம்) பாலியூரித்தேன் புஷ் நல்லதா?

பதில்: அந்த ஆர்ம் பல திசையில் நெளிய வேண்டும். கெட்டியான புஷ் அதைப் பிடித்துக்கொள்ளும். ரப்பரே போடுங்கள்.

கேள்வி: பிரேக் கீச்சிடுகிறது.

பதில்: பிரேக் வேலை செய்பவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: புது ஆர்ம் போட்டபின் பள்ளத்தில் டக் டக் சத்தம்.

பதில்: ஆர்மின் இரு முனையிலும் லாக் நட் இறுக்கமாக இருக்கிறதா, மரை இரு பக்கமும் ஒரே அளவு உள்ளே போயிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதுவரை ஓட்ட வேண்டாம். போல்ட்டை இறுக்கும்போது வண்டி தொங்கியதா, தரையில் நின்றதா? தொங்கியிருந்தால் தளர்த்தி, எடை இறங்கியபின் மறுபடி இறுக்குங்கள். அதற்குப் பிறகும் சத்தம் வந்தால் எழுதுங்கள்.