குரல் கேட்ட துணை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐந்து ஆண்டுகளாக மேலைச் செவ்வியல் வாய்ப்பாட்டு பயில்கிறேன். என் குரல் சோப்ரானோ, பெண்குரல்களில் உச்ச வகை. நண்பர்கள் சிலர் தங்கள் மெட்டல் குழுவில், அதாவது இரைச்சல் மிகுந்த ராக் குழுவில், பாட அழைக்கிறார்கள். என் ஆசிரியை, பின்லாந்தின் நைட்விஷ் என்னும் மெட்டல் குழுவில் பாடிய சோப்ரானோ தார்யா துருனெனைச் சுட்டிக்காட்டி, "ஓபராவுக்குப் போயிருக்க வேண்டிய குரலை ராக் விழுங்கிவிட்டது, கலப்படம் செய்தால் இரண்டும் கெடும்" என்கிறார். துருனென் பாடும் சொற்கள் எனக்கும் பல இடங்களில் புரிவதில்லை. 2005இல் அந்தக் குழு அவரை நீக்கியது நியாயமா? நான் குழுவில் சேரலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடிதங்களை மாதக்கணக்கில் கிடப்பில் போடுகிறவன் நான். உங்கள் கடிதத்துக்கு மறுநாளே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், உங்கள் ஆசிரியை சொன்னதை ஏறத்தாழ அதே சொற்களில் நானே ஒருமுறை எழுதி அச்சேற்றியிருக்கிறேன் என்பதுதான். துருனென் நீக்கப்பட்ட செய்தி வந்த வாரத்தில் ஒரு சிற்றிதழுக்காக எழுதிய கட்டுரை அது. 'கொல்லன் பட்டறையில் ஒரு குயில்' என்று தலைப்பு வேறு வைத்திருந்தேன். சென்ற வாரம் பழைய தாள்களுக்கிடையே அது அகப்பட்டது. இரண்டு பத்திகளுக்கு மேல் படிக்க முடியவில்லை.

நீக்கியது நியாயமா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். 2005 அக்டோபர் 21 அன்று ஹெல்சிங்கியில் நிகழ்ச்சி முடிந்ததும் அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். அதை ஊருக்கே தெரியும்படி வெளியிட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் கூடவே பாடியவரிடம் நேரில் பேசாமல் கடிதம் கொடுப்பது அழகல்ல என்பதற்கு மேல் அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தவர் வீட்டுச் சண்டை அது.

ஆனால் 'விழுங்கிவிட்டது' என்கிறாரே உங்கள் ஆசிரியை, அதை விடமாட்டேன். நடந்தது என்ன என்று அவரும் பார்க்கவில்லை, அன்று நானும் பார்க்கவில்லை. கீட்டே என்பது பின்லாந்தின் கிழக்கு ஓரத்தில், ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூர். 1977இல் பிறந்த துருனென் அங்கே வளர்ந்தவர். அதே ஊர்க்காரரான துவோமாஸ் ஹோலோபைனென் 1996இல் நைட்விஷ் குழுவைத் தொடங்க நினைத்தபோது அவர் மனத்தில் மெட்டல் இல்லை. மின்சாரம் இல்லாத கிட்டார், கீபோர்டு, ஒரு பெண்குரல். இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கேட்கத் தகுந்த மெல்லிய இசை. அவ்வளவுதான் திட்டம். மூன்று பாடல்களை அப்படியே பதிவும் செய்தார்கள். துருனென் அப்போது குவோப்பியோ நகரில், சிபெலியஸ் அகாதெமி என்னும் இசைக் கல்விக்கூடத்தின் மாணவி. அங்கே கற்ற பாடத்தில் அவர் குரல் விரிந்து பெருகி, அந்த மெல்லிய கிட்டாரின் பக்கத்தில் பொருந்தாமல் நின்றது. குரலைக் குறைத்துக்கொள் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர்கள் அதைச் செய்யாமல் மின்கிட்டாரை எடுத்தார்கள், 1997இல் டிரம்ஸ் வாசிப்பவரைச் சேர்த்தார்கள். அந்தக் குரல் தனக்கு வேண்டிய துணையைக் கேட்டு வாங்கிக்கொண்டது. இதில் யாரை யார் விழுங்கியது என்று உங்கள் ஆசிரியையிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

எனக்கே இது தாளில் படித்துப் புரிந்ததல்ல. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓபரா ஒத்திகை அறையில், பாடகியிடமிருந்து நான்கடி தொலைவில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தது. பேசும்போது குனிந்து கேட்க வேண்டிய அளவுக்கு மெல்லிய குரல் அவருக்கு. பாடத் தொடங்கியதும் என்னையறியாமல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன். மைக் இல்லாமல் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி அரங்கின் கடைசி வரிசைக்குப் போய்ச்சேரப் பழக்கிய குரல், ஒரு சிறிய அறைக்குள் அடைபட்டால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பியானோ வாசித்தவர், கம்பிகளைத் தடையின்றி அதிரவிடும் மிதியை அழுத்தியபடியே கைகளை மடியில் வைத்திருந்தார். பாடகி உச்சத்தில் ஒரு 'ஆ'வைப் பிடித்துச் சட்டென்று நிறுத்தினார். அறை அடங்கவில்லை. யாரும் தொடாத அந்தப் பியானோவின் கம்பிகள் அதே சுரத்தில், அதே 'ஆ'வின் சாயலோடு, சில நொடிகள் முனகிக்கொண்டிருந்தன. பியானோக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மிதியிலிருந்து காலை எடுத்தார்.

அதற்குப் பிறகும் நான் அந்தக் கட்டுரையை எழுதினேன் என்பதுதான் வெட்கம்.

சொற்கள் புரியவில்லை என்கிறீர்கள். ஐந்து ஆண்டு பயின்றவர் கேட்கக்கூடிய குறையா இது? 'ஈ' என்னும் ஒலிக்கு அடையாளம் தரும், வாய்க்குழியின் முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸில் இருக்கிறது. சோப்ரானோவின் மேல் சட்ஜம் போன்ற உச்ச 'சி' 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டுகிறது. சுரமே அவ்வளவு மேலே போனபின், ஒத்ததிர்வையும் கூடவே உயர்த்தத் தாடையை இறக்கி வாயைத் திறப்பதைத் தவிரப் பாடகிக்கு வழியில்லை. எந்த உயிரெழுத்தும் 'ஆ'வை நோக்கித்தான் சாயும். இது ராக் செய்த கேடு என்றால் எல்லா ஓபராவிலும் அந்தக் கேடு உண்டு.

'ஓபராவுக்குப் போயிருக்க வேண்டிய குரல்' என்பதும் அரைகுறைப் பேச்சு. குழு புகழடைந்தபின் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ இசைப் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் மாணவியாகப் போய் உட்கார்ந்தவர் அவர். ஐனோ அக்டே என்ற சோப்ரானோ 1912இல் தொடங்கிவைத்த ஓபரா விழா பின்லாந்தின் சவோன்லின்னா நகரிலுள்ள பழங்கோட்டையில் நடக்கிறது. நீக்கப்பட்ட மறு ஆண்டே அங்கே துருனென் பாடினார். 2007இல் தனி ராக் ஆல்பம். 2015இல் செய்னாயோகி நகரின் தேவாலயத்தில் ஆர்கன், செல்லோ, யாழ் மட்டும் துணையிருக்க, பலர் இசையமைத்த 'ஆவே மரியா'க்களை, அதாவது மரியன்னையைப் போற்றும் வேண்டுதல் பாடல்களை, பாடி ஒரு தொகுப்பு. அதில் ஒன்று அவரே இசையமைத்தது. கெட்டுப்போன குரல் இந்த வேலையைச் செய்யாது.

உங்கள் ஆசிரியையின் அச்சத்தில் ஒரு பகுதியை மட்டும் நான் மதிக்கிறேன். டிரம்ஸின் இரைச்சலில் தன் குரல் தனக்குக் கேட்காதபோது எந்தப் பாடகியும் அறியாமலேயே தொண்டையை அழுத்துவார். குரல் புண்படுவது அங்கேதான். ஆகவே போய்ப் பாடுங்கள். ஆனால் உங்கள் குரல் உங்கள் காதுக்குத் தனியே வரும்படி காதுக்குள் வைக்கும் மானிட்டரை முதல் ஒத்திகையிலேயே கேளுங்கள். அதற்குப் பணமில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நண்பர்கள் சொன்னால், நீங்களும் அடுத்த மாதமே வருவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஆசிரியையின் வகுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அவரோடு சண்டை போடுவதற்காகவாவது.

அன்புடன்