நகையை அடகு வைக்குமுன் ஒரு வெப்பமானி வாங்குங்கள்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணில் பட்டது பணம்தான். மூன்றரை இலட்சம் ரூபாய், ஆறு மாதம், இணையவழி வகுப்பு, முடிவில் ஒரு சான்றிதழ். தாலிக்கொடி தவிர மற்ற நகைகளை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் முறைதான் மகளைக் கவனித்தேன். சாதாரண தரம் எழுதிவிட்டு திருகோணமலை உவர்மலையில் வீட்டில் இருக்கும் பிள்ளை, பல அடுக்கு மின்சுற்றுப் பலகைகளில் வெப்பம் எப்படிப் பரவும் என்று கணினியில் கணித்துப் பார்க்கும் வேலையைத் தானாகத் தேடிக் கண்டுபிடித்து, அதுதான் வேண்டும் என்று நிற்கிறாள். டொக்டர், எஞ்சினியர் என்று மட்டும் சொல்லும் பிள்ளைகளோடு நாளெல்லாம் பேசும் எனக்கு இது உண்மையிலேயே மகிழ்ச்சி.

பணத்தைக் கட்டாதீர்கள். துறை நல்லது, ஆனால் அதற்குள் போகும் வழி அந்த வகுப்பு அல்ல. ஏன் என்று சொல்வதற்கு, உங்கள் மகள் எதில் ஆசைப்படுகிறாள் என்று உங்களுக்கும் கொஞ்சம் தெரிய வேண்டும்.

சார்ஜில் கிடக்கும் கைத்தொலைபேசியின் முதுகு சுடுகிறதல்லவா? உள்ளே இருக்கும் பலகையில் செப்புத் தகடுகள் நான்கு, ஆறு, எட்டு என்று அடுக்கப்பட்டிருக்கும். சாதாரணப் பலகைகளில் ஒரு தகட்டின் தடிப்பு பெரும்பாலும் 35 மைக்ரோமீற்றர். அடுக்குகளுக்கு இடையே கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த பொருள். வெப்பத்தைக் கடத்தும் திறனை வெப்பக் கடத்தாறு என்பார்கள். செம்பினுடையது, ஒரு மீற்றருக்கு ஒரு பாகைக்கு இத்தனை வாட்டு என்ற அலகில், ஏறத்தாழ 390, இந்தப் பிசினுடையது 0.3 அளவுதான். ஆயிரம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். அடுப்பில் இருக்கும் செப்புக் குடத்தைத் தொட்டால் கை சுடும், அகப்பைக் காம்பைப் பிடித்தால் சுடாது. அந்தக் குடமும் காம்பும் ஒரே பலகைக்குள் மாறி மாறி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சூடு பக்கவாட்டில் ஓடும், கீழே இறங்க மறுக்கும்.

இதை மகளிடம் கணக்காகவே கொடுங்கள். 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகை, அதில் 5 மில்லிமீற்றர் சதுரத்தில் ஒரு சில்லு. நேர்கீழாக மட்டும் வெப்பம் போனால், வெறும் பிசினின் வெப்பத் தடை ஒரு வாட்டுக்கு 213 பாகை. அதாவது ஒரே ஒரு வாட்டு வெப்பத்தைக் கீழே தள்ள, மேலுக்கும் கீழுக்கும் 213 பாகை வேறுபாடு வேண்டும். சில்லைப் பலகையோடு பிடித்துவைக்கும் ஈயம் கலந்த பற்றாசு 183 பாகையிலேயே உருகிவிடும். இப்போது அந்தச் சதுரத்துக்குள் 0.3 மில்லிமீற்றர் விட்டத்தில் துளையிட்டு, உட்சுவரில் 25 மைக்ரோமீற்றர் செப்புப் பூசுங்கள். அப்படியான ஒரு துளையின் தடை ஒரு வாட்டுக்கு 190 பாகை அளவு. பதினாறு துளைகள் போட்டால் 12 ஆகக் குறைகிறது. தலைமயிர் நுழையும் அளவுத் துளைகள் பதினாறு செய்யும் வேலை இது. இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் அவள் முகம் மலர்ந்தால் இந்தத் துறை அவளுக்குப் பொருந்தும். மென்பொருள் தரும் வண்ணப் படம் எப்போது வரும் என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்த வண்ணப் படந்தான் எனக்குச் சந்தேகம் தருவது. நீலத்திலிருந்து சிவப்பு வரை அழகாக வரும். மென்பொருளுக்குள் எந்தக் குப்பையைப் போட்டாலும் அதே அழகோடு வரும். சுற்றியுள்ள காற்று 25 பாகை என்று எழுதிவிட்டால், 25 பாகை என்று நம்பிக் கணித்துத் தரும். கச்சான் காற்று அனலாக வீசும் ஒரு வைகாசி நண்பகலில், வெயிலில் தொங்கும் மூடிய பெட்டிக்குள் எத்தனை பாகை என்று உங்கள் மகளுக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. பலகையின் மேலிருந்து காற்றுக்கு வெப்பம் போகும் வீதத்தையும் ஆள்தான் கொடுக்க வேண்டும். மின்விசிறி இல்லாத பெட்டியில் அது மிகக் குறைவு. எந்த எண் பொய் என்று கண்டுபிடிக்கிறவருக்குத்தான் சம்பளம். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். பல வருடங்களுக்கு முன் இதேபோன்ற ஒரு சான்றிதழை ஒரு மாணவனுக்கு நானே பரிந்துரைத்தேன். நேர்முகத் தேர்வில் "இந்த விடை சரி என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார்களாம். பையன் மென்பொருளின் பெயரைச் சொன்னான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

சரி, வழி எது? உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதீகவியல், இரசாயனவியல். வெப்பம் பரவும் வழிகளான கடத்தல், மேற்காவுகை, கதிர்ப்பு மூன்றும் பௌதீகவியலிலேயே வருகின்றன. உலோகக் கோலின் கடத்தாற்றைச் சேளின் முறையால் காணும் செய்முறையை மற்றப் பிள்ளைகள் புள்ளிக்காகச் செய்வார்கள், இவள் தொழிலுக்காகச் செய்யட்டும். பிறகு பொறியியல் பீடம். மொறட்டுவை, பேராதனை, கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடம், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என்று வாய்ப்புகள் உண்டு. இலத்திரனியலா இயந்திரவியலா என்று இப்போதே சண்டை வேண்டாம். இரண்டு பக்கத்திலிருந்தும் இந்த வேலைக்கு வருகிறார்கள். வெப்பத்தை ஆழமாகப் படிப்பது இயந்திரவியலில் என்பதால் என் மனம் அந்தப் பக்கம் சற்றுச் சாயும். திருகோணமலை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால், மாவட்டக் கோட்டாவோடு அந்த மேலதிக ஒதுக்கீடும் உண்டு. அதை எவரும் சொல்லித் தரமாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

வெட்டுப்புள்ளி எட்டாவிட்டால் பௌதீக விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது, திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியல் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படித்தால் வீட்டிலிருந்தே போய்வரலாமே என்று எழுதியிருந்தீர்கள். அங்கே கணினி விஞ்ஞானம் உண்டு, பொறியியல் பீடம் இல்லை. பெண் பிள்ளை தூரத்துக்குப் போகிறாளே என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தப் பயத்தை வைத்துப் பாடத்தைத் தெரிவு செய்ய வேண்டாம்.

வேலை பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயரிலேயே இலங்கையில் விளம்பரம் தேடினால் ஏமாற்றந்தான். வன்பொருள் வடிவமைப்பாளர் வேலைக்குள் ஒரு பகுதியாக இது வரும், அதுவும் பெரும்பாலும் கொழும்பைச் சுற்றி. தனி வேலையாக இருப்பது மின்சாரக் கார், தொலைத்தொடர்புக் கோபுரக் கருவிகள், சூரிய மின்சக்தி இன்வேட்டர் போன்றவற்றை வடிவமைக்கும் நாடுகளில். சம்பூரில் சூரியத் தகடுகள் நிற்கும், ஆனால் அவற்றோடு வேலை செய்யும் இன்வேட்டரின் பலகை வேறெங்கோ வரையப்பட்டிருக்கும்.

இந்த இரண்டு வருடத்துக்கும் மூன்றரை இலட்சம் தேவையில்லை. பலகை வரைய கிகேட் இலவசம். 1992 இல் பிரான்சில் ஓர் ஆசிரியர் தொடங்கிய மென்பொருள், பின்னர் ஐரோப்பாவின் சேர்ன் அணு ஆய்வுகூடமும் அதற்குக் கைகொடுத்தது. வெப்பக் கணிப்புக்குப் பின்லாந்தின் எல்மர் இலவசம். அன்சிஸ் மென்பொருளின் மாணவர் பதிப்பும் காசில்லாமல் கிடைக்கும். செலவு ஒன்றே ஒன்று: தொட்ட இடத்தின் வெப்பநிலையைக் காட்டும் வெப்ப இணை கம்பியோடு வரும் பல்மானி. தலைப்பில் சொன்ன வெப்பமானி அதுதான்.

முதல் பயிற்சிக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கே அழைத்துப் போங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஏழு கிணறுகள், ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. கையை விட்டு எத்தனை பாகை என்று முதலில் எழுதட்டும், பிறகு அளக்கட்டும். தன் ஊகம் எவ்வளவு பிழை என்று பார்ப்பதுதான் பயிற்சி. அடுத்தது பழுதாகி ஒதுக்கிய இணைய ரௌட்டர், மின் ஏறினாலே போதும். மூடியைக் கழற்றி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சில்லிலும் அதைச் சுற்றி ஐந்து இடங்களிலும் அளந்து, எல்மரின் விடையோடு ஒப்பிடட்டும். தூரத்திலிருந்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை யாராவது இரவல் கொடுத்தால், பளபளக்கும் செம்பின்மேல் அது குறைத்துத்தான் காட்டும். ஒரு துண்டுக் கறுப்பு நாடாவை ஒட்டி அதன்மேல் அளக்கச் சொல்லுங்கள்.

சிறிய அடப்டரில் ஓடும் கருவிகளை மட்டும் திறக்கட்டும். சுவர் மின்சாரம் நேரே உள்ளே போகும் எதையும், நீங்கள் பக்கத்தில் இருந்தாலும், திறக்க விடாதீர்கள்.