பழைய டிரஸ்ட் பெயரில் சிஎஸ்ஆர் பணம் வாங்கலாமா?

கேள்வி: சென்னையை அடுத்த வாரியக் குடியிருப்பு ஒன்றில் பெண்கள் 12 பேர் சேர்ந்து மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். சங்கம், டிரஸ்ட் என்று எதுவும் பதிவு செய்யவில்லை. மேசை, நாற்காலி, நான்கு கம்ப்யூட்டர் வேண்டும். சொல்லித்தரும் இரண்டு பெண்களுக்கு மாதாமாதம் ஏதாவது கொடுக்க வேண்டும். "பழைய டிரஸ்ட் ஒன்று என் கைவசம் இருக்கிறது. உங்களில் இரண்டு பேரை டிரஸ்டி ஆக்கி, 25 லட்சம் சிஎஸ்ஆர் நிதி வாங்கித் தருகிறேன். முன்பணம் 40,000 ரூபாய்" என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். டிரஸ்டி ஆவதாகச் சொல்லி எதிலும் கையெழுத்தும் போடாதீர்கள்.

பழைய டிரஸ்ட்டுக்கு ஏன் இப்படி ஒரு கிராக்கி? சிஎஸ்ஆர் என்கிற கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியை வாங்கி வேலை செய்யும் அமைப்புக்கு 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) ஆகிய வருமான வரிப் பதிவுகள் வேண்டும். அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவம் கொடுத்துத் தனியாக ஒரு பதிவு எண்ணும் வாங்க வேண்டும். அனுபவம் இல்லாமல் பணம் வராது, பணம் இல்லாமல் அனுபவம் எங்கிருந்து வரும்? இதை யோசிக்காமலே விதியை எழுதிவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் இவரைப் போன்ற ஆட்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

அவர் தருவது வெறும் பதிவு எண் இல்லை. அந்த டிரஸ்ட்டின் பழைய கணக்கு, கட்டாத வரி, யாரோ எப்போதோ வாங்கிச் செலவு காட்டாத நன்கொடை எல்லாம் கூடவே வரும். நோட்டீஸ் வரும்போது அவர் போனை எடுக்க மாட்டார், டிரஸ்டி என்று பெயர் இருக்கிறவர்தான் பதில் சொல்ல வேண்டும். இதைவிட மோசமான பேரமும் உண்டு. "கம்பெனி 25 லட்சம் போடும், 15 லட்சத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதற்கான பில் நாங்களே தருகிறோம்" என்பார்கள். கொடுத்த பணம் சொன்ன வேலைக்குத்தான் செலவானது என்று அந்தக் கம்பெனியின் நிதி அதிகாரி சான்று தர வேண்டும் என்கிறது விதி. அதை நம்பவைக்கப் பொய் பில்லில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். இது பேரமே இல்லை, குற்றம். நிஜமாகப் பணம் தருகிற கம்பெனி உங்களிடம் நேராகப் பேசும், ஒப்பந்தம் போடும், வங்கிக் கணக்கில் போடும். முன்பணம் கேட்காது.

சரி, பதிவே இல்லாத உங்களுக்கு வழியே இல்லையா? ஒன்று இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இடைத்தரகர்கள் இதை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். மூன்று வருட நிபந்தனை எல்லாம் பணத்தைக் கையில் வாங்கிச் செலவழிக்கும் அமைப்புக்குத்தான். கம்பெனி தானே நேராக அந்த வேலையைச் செய்யலாம். அதாவது, கடைக்காரருக்குக் கம்பெனியே பணம் கட்டி, மேசையையும் கம்ப்யூட்டரையும் படிப்பகத்தில் இறக்கிவிடலாம். அப்போது நீங்கள் பயனாளிகள், உங்களிடம் யாரும் சிஎஸ்ஆர் எண் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பொருள் யார் பெயரில் இருக்கும் என்று அடுத்த கேள்வி வரும். பயனாளிகளின் சுய உதவிக் குழு போன்ற கூட்டமைப்பின் பெயரில் இருக்கலாம், அரசு அமைப்பின் பெயரிலும் இருக்கலாம் என்று விதியே சொல்கிறது. உங்களில் பலர் ஏற்கெனவே மகளிர் குழுவில் இருப்பீர்களே, அந்தக் குழுவின் பெயரைக் கொடுங்கள். பக்கத்து அரசுப் பள்ளியின் பெயரிலும் கேட்கலாம், ஆனால் சாவி அவர்களிடம் போய்விடும்.

எந்தக் கம்பெனியிடம் கேட்பது? முந்தைய வருடத்தில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்டிருந்தாலே கடந்த மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதனால் உங்கள் பக்கத்திலேயே இருக்கும் தொழிற்சாலையிலிருந்து தொடங்குங்கள். எந்தத் திட்டங்களுக்கு ஒப்புதல் தந்திருக்கிறார்கள் என்பது அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் மீந்த பணத்தைச் செலவழிக்கும் அவசரத்தில் சின்னக் கோரிக்கைக்குச் சில சமயம் சட்டென்று கிடைக்கும். ஒரு பக்கக் கடிதம், எத்தனை பிள்ளைகள் என்ற வருகைப் பதிவேடு, கடையிலிருந்து விலைப்பட்டியல் போதும். 25 லட்சம் கேட்காதீர்கள். தேவையானதை மட்டும் கேளுங்கள்.

சம்பளம்தான் சிக்கல். பொருளுக்குப் பணம் கொடுப்பவர்கள் ஆளுக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். திறப்பு விழாவில் கம்ப்யூட்டரோடு போட்டோ எடுக்கலாம், மாதச் சம்பளத்தோடு எடுக்க முடியாதே! இப்போதைக்கு அதை உள்ளூர் நன்கொடையில் சமாளியுங்கள். அரசின் 'நமக்கு நாமே' திட்டம் கட்டட வேலைக்கு உதவும், சம்பளத்துக்கு உதவாது. அதிலும் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். இல்லாதவர்களுக்கான உதவியை இருப்பவர்கள்தான் வாங்க முடியும்!

அப்புறம், சொந்தமாகச் சங்கம் பதிவு செய்யும் வேலையை இன்றே தொடங்குங்கள். ஏழு பேர் போதும். பான், வங்கிக் கணக்கு, 12ஏ, 80ஜி என்று ஒவ்வொன்றாக வாங்குங்கள். மூன்று வருடக் கணக்கு அப்போதுதான் ஓடத் தொடங்கும். தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் 'தர்பன்' தளத்தில் பதிவு இலவசம், அதற்கும் பணம் கேட்பார்கள், உஷார். வெளிநாட்டுப் பணத்தைத் தங்கள் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) கணக்கில் வாங்கி உங்களுக்கு மாற்றித் தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வேறு யாருக்கும் மாற்றவே கூடாது.

முன்பணத்தை ஏற்கெனவே போனில் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். ஆதார், பான் நகல் கொடுத்திருந்தால், உங்களை டிரஸ்டியாகச் சேர்க்க சம்மதம் இல்லை என்று அவருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.