கோட்டை வாசலில் ஒரு வரிசை

அன்புள்ள ஐயா,

போன மாதக் கட்டுரையில், சிறுவயதில் இங்கிலாந்தில் லங்காஸ்டர் என்ற கோட்டை ஊரில் பத்து வருடம் இருந்ததாக ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். என் பேத்திக்கு ராஜா ராணிக் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். "அந்தத் தாத்தா கோட்டைக்குள்ளே ஓடிப்பிடிச்சு விளையாடினாரா?" என்று கேட்கிறாள். கொஞ்சம் விரித்து எழுதுங்களேன்.

மீ., திருச்சி

அன்புள்ள மீ.,

பேத்தி ஏமாந்துபோவாளே என்றுதான் தயக்கமாக இருக்கிறது. நான் இருந்த காலத்தில் லங்காஸ்டர் கோட்டை ஒரு ஜெயில். கைதிகளும் வார்டர்களுமாக நடந்துகொண்டிருந்த ஜெயில். 1955இலிருந்து 2011 வரை அப்படித்தான் இருந்தது.

அப்பா 1974இல் ஆஸ்பத்திரி வேலைக்காக அங்கே போனார். எனக்கு நாலு வயது. லூன் ஆற்றங்கரை ஊர்; மேட்டின் உச்சியில் கோட்டை, அதை ஒட்டிப் பழைய தேவாலயம். மழையில் நனைந்தால் கோட்டைக் கல் கறுத்துவிடும். அங்கே மழைக்கா பஞ்சம்? என் நினைவில் அது எப்போதுமே கறுப்புக் கோட்டை.

வாசல் மட்டும் பேத்திக்குப் பிடிக்கும். சுமார் 1400இல் கட்டியது. இரண்டு பக்கமும் கோபுரம், நடுவில் ஜான் ஆஃப் காண்ட் என்ற பிரபுவின் சிலை, கீழே பெரிய மரக்கதவு, அதில் ஒரு திட்டிவாசல். சனிக்கிழமைகளில் அந்தத் திட்டிவாசல் முன்னால் கைதிகளைப் பார்க்க வந்த பெண்களும் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள்.

நாங்கள் அந்தப் பக்கம் போவது கான்கர் பொறுக்க. குதிரைச் செஸ்ட்நட் மரத்துக் கொட்டை அது. துளை போட்டு ஷூ லேஸில் கோத்து, ஒருவன் தொங்கவிட, மற்றவன் தன் கொட்டையால் ஓங்கி அடிக்க வேண்டும். எவனுடையது உடைகிறதோ அவன் அவுட். வினிகரில் ஊறவைத்தால் கொட்டை இறுகும் என்பது பரம ரகசியம், ஊருக்கே தெரிந்த ரகசியம். ஒருநாள் வரிசையில் நின்ற பையன் ஒருவன் வந்து என்னுடைய மூன்றை வரிசையாக உடைத்தான். நாலாவதற்குள் அவன் அம்மா கூப்பிட்டுவிட்டாள். "உள்ளே விடமாட்டாங்க, வெச்சிரு" என்று தன் கொட்டையை என் கையில் திணித்துவிட்டு ஓடினான். இருட்டும் நேரம் என்று நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கோட்டையின் ஒரு பகுதியில் நீதிமன்றம். அப்போதெல்லாம் அதை மட்டும் சுற்றிக் காட்டுவார்கள். ஒன்பது வயதில் பள்ளியிலிருந்து போனோம். குற்றவாளியின் கையில் சூடு போடும் இரும்பைப் பார்த்து மற்ற பையன்களுக்கு ஒரே குஷி. என் தூக்கத்தைக் கெடுத்தது 1612 ஆகஸ்டில் அந்தக் கோட்டையில் நடந்த சூனிய வழக்கு. மாட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்டில் மலைப்பக்கத்து ஜனங்கள். பெற்ற தாய்க்கு எதிராகச் சாட்சி சொன்னவள் ஜெனட் டிவைஸ், அவளுக்கும் சுமார் ஒன்பது வயதுதான். தாய் போட்ட கூச்சலில் தாயை வெளியே கொண்டுபோய்விட்டு, சிறுமியை மேசைமேல் ஏற்றி நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். தூக்கில் போட்ட பத்துப் பேரில் அவளுடைய தாய், அண்ணன், அக்கா மூவரும் உண்டு.

அந்த வாரம் வீட்டுக்கு யாரோ வந்திருந்தார்கள். அம்மா என்னை முக்காலியில் ஏற்றித் தேவாரம் பாடச் சொன்னாள். மாட்டேன் என்று ஓவென்று அழுதேன். பாட்டு மறந்துவிட்டது போல என்று அம்மா சமாளித்தாள்.

சிறையை மூடிய பிறகு ஒருமுறை போயிருந்தேன். திட்டிவாசல் வரிசை நின்ற இடத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்முற்றத்தில் காபிக் கடை. காபி சுமார்தான்.

பேத்திக்கு ராணிதான் வேண்டுமென்றால் வின்ட்சர் கோட்டைப் படத்தைக் காட்டுங்கள். என்னிடம் இருப்பது கான்கர்தான். புளியங்கொட்டையை வைத்து முயன்றால் சரிவராது, ரொம்பச் சின்னது.