லேப்டாப்பில் இருந்த ‘ஸ்டீரியோ மிக்ஸ்’ எங்கே போனது?

கேள்வி: லேப்டாப்பில் ஓடும் சத்தத்தை மைக் இல்லாமல் அப்படியே பதிவு செய்யும் ‘ஸ்டீரியோ மிக்ஸ்’ என் புது லேப்டாப்பில் காணவில்லை. பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. நிறுவனங்கள் வேண்டுமென்றே எடுத்துவிட்டனவா?

வேண்டுமென்றே எடுத்ததும் உண்டு, எடுக்காமல் ஒளித்து வைத்ததும் உண்டு. உங்களுடையது எந்த ரகம் என்று பார்க்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன். அவசரம் என்றால் நேராகக் கீழே போய்விடுங்கள். நடுவில் இருப்பது என் புலம்பல்.

நீங்கள் ஏதோ ஆன்லைன் வகுப்பையோ, வீட்டுப் பெரியவர் யாராவது பேசுவதையோ பதிவு செய்யப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சினிமாப் பாட்டு திருடுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழிகள் எப்போதுமே இருந்தன.

என் கதை 2009-இல் நடந்தது. எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம். பெரியப்பா பகலில் கொத்தனார், கொடை (கோயில் திருவிழா) சீசனில் வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர். வில்லுப்பாட்டு பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லோர் கண்ணும் நடுவில் வில்லைத் தட்டும் வீசுகோலோடு உட்கார்ந்திருக்கும் புலவர் மேல்தான் இருக்கும். ஓரத்தில் குடத்தைச் சாய்த்து வைத்து அடிப்பவரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அந்த ‘தும்’ நின்றால் பாட்டே நொண்டும். அந்த வருடம் சுடலைமாடன் கோயில் கொடைக்கு என் அத்தான் வளைகுடாவிலிருந்து ஒரு நல்ல ரெக்கார்டர் கொண்டுவந்து முழுப் பாட்டையும் பதிவு செய்தார். வெளிநாட்டிலிருந்து நடந்துகொண்டிருந்த ஒரு இணைய வானொலிக்கு அதை அனுப்ப, அவர்களும் ஒரு சனிக்கிழமை நாற்பது நிமிடம் ஒலிபரப்புவதாகச் சொன்னார்கள். நம்ம நேரம் இரவு ஒரு மணி. ஒரே தடவைதான், டவுன்லோடு கிடையாது.

நான் அப்போது சென்னையில் வேலை பார்த்தேன். பத்து மாத ஈஎம்ஐயில் வாங்கிய லேப்டாப், விண்டோஸ் விஸ்டா. ஊரில் 2004-இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் இந்த வேலையை நான் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். வால்யூம் கண்ட்ரோலைத் திறந்து, ரெக்கார்டிங் பக்கத்தில் ஸ்டீரியோ மிக்ஸை டிக் செய்தால் ஸ்பீக்கருக்குப் போகிற சத்தம் அப்படியே கோப்பில் வந்து விழும். அந்த நம்பிக்கையில் பன்னிரண்டே முக்காலுக்குத்தான் லேப்டாப்பைத் திறந்தேன். ரெக்கார்டிங் பட்டியலில் மைக் மட்டும் இருந்தது.

“முன்னாடியே பார்த்து வைக்க வேண்டியதுதானே” என்று பின்னூட்டம் போடப் போகிறவர்களுக்கு: சரி, என் தப்புதான். ஆனால் புது வீட்டுக்குக் குடிபோகிறவன் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டா போகிறான்?

ஒரு மணிக்குப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லாமல் கைப்பேசியை லேப்டாப் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வையில் நனைந்தபடி நாற்பது நிமிடம் மூச்சுவிடவும் பயந்து உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் போட்டுக் கேட்டேன். புலவர் குரல் கேட்கிறது, உடுக்கு கேட்கிறது, தாளம் கேட்கிறது, பெரியப்பா நடுநடுவே போடும் ‘ஆமா’ கூடக் கேட்கிறது. குடம் மட்டும் இல்லை.

ஏன் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். லேப்டாப் ஸ்பீக்கர் கட்டைவிரல் அளவுதான், கீழ்ச் சுருதியை அது எழுப்புவதே கடினம். அதற்கு மேல் அந்தக் காலத்துக் கைப்பேசி பதிவு செய்தது ஏஎம்ஆர் கோப்பாக. அது தொலைபேசிப் பேச்சுக்காக உருவானது, நொடிக்கு 8000 மாதிரிகள்தான் எடுக்கும், ஏறக்குறைய 200 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். மனிதன் பேசுவது அதற்குள் அடங்கிவிடும். குடத்தின் அடி அதற்குக் கீழே.

திங்கட்கிழமை அந்த லேப்டாப் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். இருபத்தைந்து நிமிடம் காக்க வைத்த பிறகு ஒருவர் சொன்னார்: “அது பைரஸிக்கு யூஸ் பண்ற ஃபீச்சர் சார், அதனால கொடுக்கறது இல்ல.” என் பெரியப்பா எங்கள் கோயிலில் குடம் அடிப்பதை நான் கேட்டு வைத்துக்கொள்வது யாருடைய சொத்தைத் திருடுவது என்று கேட்டேன். பதில் இல்லை. அந்த அழைப்பின் ஆரம்பத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “தரம் மற்றும் பயிற்சிக்காக இந்த உரையாடல் பதிவு செய்யப்படலாம்.” என் குரலை அவர்கள் பதிவு செய்யலாம். என் பெரியப்பாவின் குடத்தை என் லேப்டாப்பில் நான் பதிவு செய்யக் கூடாது!

அவர் சொன்னதுதான் உண்மையான காரணமா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அப்படிச் சந்தேகப்பட அந்தக் காலத்தில் முகாந்திரம் இருந்தது. 2005-இல் சோனி பிஎம்ஜி தன் பாட்டு சிடிக்களில் வாங்கியவருக்கே தெரியாமல் கம்ப்யூட்டருக்குள் ஒளிந்துகொள்ளும் மென்பொருளை வைத்து மாட்டிக்கொண்டது. இத்தனைக்கும் அதே சோனி, டிவி நிகழ்ச்சியை வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது குற்றமல்ல என்று 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வாங்கியது. அன்றைக்கு அவர்கள் வீடியோ ரெக்கார்டர் விற்றார்கள், பிறகு பாட்டும் விற்றார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் வக்கீல் இல்லை. நம் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 52-ஆம் பிரிவில் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்த இடம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். கட்டணப் படத்தை முழுதாகப் பதிவு செய்து விற்கலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயமாக இருக்காது. ஸ்டீரியோ மிக்ஸ் என்ற பெயரே பழைய ஏசி’97 என்ற ஒலி விதிமுறையிலிருந்து வந்தது. எதைப் பதிவு செய்வது என்று சிப் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் மைக், சிடி, லைன் இன் ஆகியவற்றோடு அதுவும் ஒன்று. 2004-இல் அதற்குப் பதிலாக இன்டெல்லின் எச்டி ஆடியோ என்ற புது விதிமுறை வந்த பிறகு, சிப்புக்குள் இருக்கும் எந்த வழியை வெளியே காட்டுவது என்பது சிப்பையும் டிரைவரையும் (சிப்பை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) பொறுத்ததாகிவிட்டது. லேப்டாப் நிறுவனம் தன் டிரைவரில் ஒரு வரியை விட்டுவிட்டால் போதும், உங்களுக்கு அந்த வசதி இல்லை. 2007-இல் வந்த விஸ்டா இன்னொரு வேலை செய்தது, முடக்கி வைத்த சாதனங்களைப் பட்டியலிலேயே காட்டாமல் மறைத்தது. தவிர, அந்தக் காலத்தில் தெரியாமல் ஸ்டீரியோ மிக்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஸ்கைப்பில் பேசினால் எதிரில் இருப்பவருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கும். இது நடந்து என் நண்பன் ஒருவன் மாமனாரோடு சண்டையே போட்டிருக்கிறான். அப்படி வரும் புகார்களுக்குப் பயந்து மூடி வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் அதே லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் உபுண்டு சிடியைப் போட்டுப் பார்த்தபோது, அதன் ஒலி மென்பொருளான பல்ஸ் ஆடியோவில் ‘மானிட்டர்’ என்று ஒன்று இருந்தது. தேர்ந்தெடுத்தேன், பதிவானது. “அது மென்பொருள் வழி, சிப் வழி இல்லை” என்று திருத்த வருபவர்களுக்கு: தெரியும். காசு கொடுத்து வாங்கிய விண்டோஸில் முடியாதது ஓசியில் வந்த சிடியில் முடிந்தது என்பதுதான் என் வருத்தம்.

இதைவிடப் பெரிய வருத்தம் அத்தான் மேல். மூலப் பதிவு அவரிடம்தானே இருந்தது! அடுத்த வாரமே கேட்டேன். “அனுப்புதேன் மாப்ளே” என்றார். பென் டிரைவ் கொடுத்து அனுப்பினேன், அது திரும்பி வரவே இல்லை. 2010-இல் ஊருக்கு வந்தார், கேட்டேன், ஹார்ட் டிஸ்க் அங்கே இருக்கிறது என்றார். 2012-இல் பெரியப்பா தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவரிடம் மறுபடி கேட்டேன். “அது ஃபார்மேட் ஆயிட்டுடே” என்றார், ஏதோ சட்டையில் காபி கொட்டியது மாதிரி. என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் மரியாதை போதவில்லை என்று இன்றைக்கும் குறை சொல்லும் மனிதர் அவர். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லைதான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸுக்குள் போய், பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனலின் ரெக்கார்டிங் பக்கத்தைத் திறங்கள். வெற்று இடத்தில் ரைட் கிளிக் செய்து ‘ஷோ டிசேபிள்டு டிவைசஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். ஸ்டீரியோ மிக்ஸ் சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்த்தால் அதை எனேபிள் செய்துவிடலாம், ஒளித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வரவில்லை என்றால் மெனக்கெட வேண்டாம், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். அதில் ஆடியோ ஹோஸ்டாக ‘விண்டோஸ் வாசாபி’யை வைத்து, ரெக்கார்டிங் சாதனமாக உங்கள் ஸ்பீக்கர் பெயருக்குப் பக்கத்தில் ‘லூப்பேக்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 2013-லிருந்து இது இருக்கிறது. ஸ்டீரியோ மிக்ஸ் இல்லாமலே வேலை செய்யும். எனக்குத்தான் நான்கு வருடம் தாமதமாக வந்தது. ஹெட்போன் துளையிலிருந்து மைக் துளைக்கு வயர் போடும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். அவசரத்துக்கு ஆகும், ஆனால் லேப்டாப் மைக் துளை பெரும்பாலும் ஒற்றைச் சேனல், சத்தத்தைக் குறைக்காவிட்டால் கரகரக்கும்.

பதிவு செய்யும்போது வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷனை அணைத்து வையுங்கள், அதுவும் சேர்ந்து பதிவாகும். ஒரு நிமிடம் சோதனைக்குப் பதிவு செய்து ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டால், குடம் பதிவாகியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.